மதுரையில் அரை நாள்: கைடோடு ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு

மீனாட்சியம்மன் கோயில் நடை மதியம் 12:30 மணிக்குச் சாத்துவார்கள். மாலை 4 மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள். மதுரையில் அரை நாள் திட்டம் போடுகிறவர் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது இந்த மூன்றரை மணி நேரத்தைத்தான். பத்தரை மணிக்கு ஊருக்குள் இறங்கி, காபி குடித்து, கைடைத் தேடிப் பிடித்து, செருப்பையும் போனையும் ஒப்படைத்துவிட்டு உள்ளே போனால் மணி பதினொன்றரை ஆகியிருக்கும். பொற்றாமரைக் குளத்தை ஒரு பார்வை பார்ப்பதற்குள் 'நடை சாத்தியாச்சு, வெளிய வாங்க' என்று குரல் கேட்கும். பிறகு நான்கு மணி வரை வெயிலில் எங்கே போவது என்று தெரியாமல் நிற்க வேண்டியதுதான். இந்த ஊருக்கு முதல்முறை வருகிறவர்களில் பலர் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

காலையில் என்றால் கோயில் முதலில், திருமலை நாயக்கர் மகால் அடுத்து. மாலையில் என்றால் மகால் முதலில், கோயில் கடைசியில். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

தரிசனமா, பார்வையிடலா?

கிளம்பும் முன் வீட்டிலேயே பேசி முடிக்க வேண்டிய விஷயம் இது. அம்மனையும் சுவாமியையும் தரிசிப்பது ஒரு வேலை. கோயிலின் மண்டபங்களையும் சிற்பங்களையும் பார்ப்பது வேறு வேலை. கைடு உங்களோடு வரிசையில் நின்று கதை சொல்ல முடியாது. சொன்னாலும் அந்த நெரிசலில் காதில் விழாது. கூட்டமான நாளில் பொது தரிசன வரிசையே ஒரு மணி, இரண்டு மணி நேரத்தை விழுங்கிவிடும். அரை நாளில் பாதி அங்கேயே போய்விட்டால் மீதியில் எதைப் பார்ப்பது?

ஆகவே தரிசனம் வேண்டும் என்பவர்கள் அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கோயில் காலை 5 மணிக்கே திறக்கிறது. குளித்துவிட்டு ஐந்தரைக்குப் போய் தரிசனம் முடித்து, கைடை ஏழு மணிக்கு வரச் சொல்வது நல்ல ஏற்பாடு. அல்லது கைடோடு காலையில் பார்த்துவிட்டு, இரவு நிதானமாகத் தரிசனத்துக்கு மட்டும் போகலாம். கட்டண தரிசனச் சீட்டு உண்டு. அன்றைய தொகை கவுன்டர் பலகையில் இருக்கும். கருவறைப் பகுதிக்குள் இந்து அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. அப்படி ஒருவர் உங்கள் குழுவில் இருந்தால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாசல் வரை கூட்டிப்போய் அங்கே நிறுத்துவது யாருக்கும் நன்றாக இருக்காது. வெளி மண்டபங்களும் குளமும் ஆயிரங்கால் மண்டபமும் எல்லாரும் பார்க்கலாம். சிற்பங்களின் பெரும்பகுதி இருப்பதும் அங்கேதான்.

எந்த நாள் வேண்டாம்

வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் கூட்டம் அதிகம். அன்று காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கும் விடுமுறை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வெள்ளியைத் தவிர்ப்பதே நல்லது. கார்த்திகை, மார்கழியில் வெயில் குறைவு என்று வருகிறவர்கள் அப்போது சபரிமலைக்குப் போகும் ஐயப்பப் பக்தர்களும் பேருந்து பேருந்தாக இங்கே இறங்குவதைக் கணக்கில் கொள்ள வேண்டும். சித்திரைத் திருவிழா நாட்களில், முக்கியமாகத் திருக்கல்யாணம், தேரோட்டம், அழகர் ஆற்றில் இறங்குவது ஆகிய நாட்களில், கைடு வைத்து ஊர் பார்க்கும் திட்டமே வேண்டாம். திருவிழா பார்க்க வாருங்கள். அது வேறு பயணம்.

செவ்வாய், புதன், வியாழன் காலை ஏழு மணி என்பது நல்ல பொழுது.

கைடைப் பிடிப்பது

கோயில் வாசலிலேயே 'கைடு வேணுமா சார்' என்று ஆட்கள் வருவார்கள். நன்றாகச் சொல்பவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் சுற்றுலாத் துறை அங்கீகாரம் பெற்ற கைடிடம் படம் ஒட்டிய அடையாள அட்டை இருக்கும், கேட்டால் காட்டுவார். கேட்பதில் கூச்சம் வேண்டாம். மேற்கு வெளி வீதியில் தமிழ்நாடு சுற்றுலா அலுவலகம் இருக்கிறது. நீங்கள் தங்கும் விடுதியிலும் சொல்லி வைக்கலாம். முந்தின நாள் மாலையே பேசி முடித்துவிடுவது நல்லது. காலையில் வாசலில் நின்று பேரம் பேசினால் அரை மணி நேரம் போய்விடும்.

பேசும்போது இவற்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: எத்தனை மணி நேரம், தொகை ஆளுக்கா குழுவுக்கா, நுழைவுச் சீட்டும் ஆட்டோவும் அதில் அடங்குமா, எந்த மொழியில் சொல்வார். 'பார்த்துக் குடுங்க சார்' என்பதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். முடிவில் மனக்கசப்பு வருவது அந்த ஒரு சொல்லால்தான்.

இன்னொன்றும் கேளுங்கள்: கடைக்குக் கூட்டிப்போவீர்களா? கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் 'மாடியில ஏறினா கோபுரம் எல்லாம் தெரியும், காசு வேண்டாம்' என்று அழைக்கும் கைவினைப் பொருள் கடைகள் இருக்கின்றன. மாடியிலிருந்து கோபுரங்கள் தெரிவது உண்மைதான். காட்சியும் நன்றாகவே இருக்கும். ஆனால் இறங்கும் வழி கடைக்குள்தான் போகும். அழைத்து வந்தவருக்குக் கமிஷன் உண்டு. கம்பளமும் பித்தளையும் விரிய ஆரம்பித்தால் முக்கால் மணி நேரம் அவ்வளவுதான். 'கடை வேண்டாம், அந்த நேரத்தையும் கோயிலிலேயே செலவிடுவோம்' என்று முதலிலேயே சொல்லிவிட்டால் நல்ல கைடு மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்.

ஒரு கைடுக்கு ஆறேழு பேருக்கு மேல் வேண்டாம். கல் மண்டபத்தில் குரல் எதிரொலிக்கும், மைக் கிடையாது. பின்னால் நிற்கும் எட்டாவது ஆளுக்குச் சொல் போய்ச் சேராது, அவர் தூணில் சாய்ந்துகொண்டு நிற்பார்.

பையில் இருப்பதும் இருக்கக் கூடாததும்

2018 பிப்ரவரியில் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்தது. அதன் பிறகு கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. கேமராவும் அப்படியே. வாசலில் சோதனை உண்டு. பவர் பேங்க், இயர்போன், சார்ஜர் போன்றவற்றை அறையிலேயே விட்டு வாருங்கள். ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டி விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

போன் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை யாரும் முன்னால் யோசிப்பதில்லை.

முதலாவது, பணம். ஜிபே இல்லை, ஸ்கேன் இல்லை. அர்ச்சனைத் தட்டு, பிரசாதக் கடை, ஆயிரங்கால் மண்டபத்து நுழைவுச் சீட்டு எதுவானாலும் ரொக்கம்தான் கைகொடுக்கும். ஆளுக்கு இருநூறு ரூபாய், பத்தும் இருபதும் ஐம்பதுமாகச் சில்லறை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனபின் சில்லறைக்கு அலைய முடியாது.

இரண்டாவது, தொலைந்து போவது. குழுவில் ஒருவர் பின்தங்கினால் கூப்பிட வழியில்லை. உள்ளே நுழைந்ததுமே ஒரு இடத்தைச் சொல்லி வையுங்கள்: 'பிரிஞ்சா பொற்றாமரைக் குளம் கிழக்குப் படிக்கட்டு.' குழந்தைகளின் சட்டைப் பையில் அப்பா, அம்மா போன் நம்பரைச் சீட்டில் எழுதிப் போடுங்கள். கைடின் நம்பரும் காகிதத்தில் இருக்கட்டும்.

மூன்றாவதுதான் அதிகம் பேர் சறுக்கும் இடம். செருப்பும் போனும் எந்த வாசலில் ஒப்படைத்தீர்களோ அந்த வாசலில்தான் திரும்பக் கிடைக்கும். கிழக்கே விட்டுவிட்டு, உள்ளே சுற்றிய மயக்கத்தில் மேற்குக் கோபுரம் வழியாக வெளியே வந்தால், வெறுங்காலோடு சித்திரை வீதியில் பாதிச் சுற்று நடக்க வேண்டும். கோயில் மதிலைச் சுற்றி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். பாதி என்றால் அரைக் கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குப் பரவாயில்லை. பதினொரு மணிக்கு அந்தத் தளம் காலைப் பொசுக்கிவிடும். ஒப்படைக்கும்போதே எந்தக் கோபுரம் என்று எல்லாரும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள். டோக்கன்கள் எல்லாம் ஒருவர் கையில் இருக்கட்டும். அவர் குழுவிலேயே எதையும் தொலைக்காதவராக இருக்கட்டும்.

உடையைப் பொறுத்தவரை அரைக்கால் சட்டை, கையில்லாத மேலாடை, லுங்கி வேண்டாம். வேட்டி, பேன்ட், சேலை, சுடிதார் எல்லாம் சரி. குடிக்கத் தண்ணீர், வெளியே வந்ததும் தலைக்கு ஒரு துண்டு அல்லது குடை போதும்.

வந்து சேர்வது

ரயில் நிலையத்திலிருந்து கோயிலின் மேற்குக் கோபுரம் ஒரு கிலோமீட்டர்தான். டவுன்ஹால் ரோடு வழியே நடந்தே வரலாம். சென்னை, திருச்சிப் பேருந்துகள் நிற்பது மாட்டுத்தாவணி. அங்கிருந்து கோயிலுக்குப் பக்கத்திலுள்ள பெரியார் பேருந்து நிலையத்துக்கு நகரப் பேருந்து உண்டு. கோவை, தேனிப் பக்கமிருந்து வந்தால் ஆரப்பாளையம். கோயிலைச் சுற்றியுள்ள நான்கு சித்திரை வீதிகளிலும் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஆட்டோக்காரர் ஆவணி மூல வீதியிலோ அதற்கு முன்போ இறக்கிவிட்டால் உங்களை ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். நடக்க முடியாத பெரியவர்கள் உடன் இருந்தால் இந்தக் கடைசி முந்நூறு மீட்டருக்கு ஏற்பாடு என்ன என்று கைடிடம் முந்தின நாளே கேளுங்கள்.

வரும் வழியிலேயே ஊரின் வரைபடம் பிடிபட்டுவிடும். கோயில் மதிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை, அதற்கு வெளியே ஆவணி மூலம், பிறகு மாசி, கடைசியில் வெளி வீதி. ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு திசைப் பெயர்கள். வழி தெரியாமல் போனால் 'எந்த மாசம், எந்தத் திசை' என்று கேட்டால் போதும். ஒரு குழப்பம் மட்டும் உண்டு: சித்திரைத் தேர் ஓடுவது சித்திரை வீதியில் என்று நினைத்துவிடாதீர்கள், அது மாசி வீதிகளில் ஓடுகிறது. மாசியில் நடந்த விழாவைச் சித்திரைக்கு மாற்றியவர் திருமலை நாயக்கர் என்பது ஊர் வழக்கு.

வெளி வீதிகள் இருக்கும் இடத்தில்தான் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். அந்த வேலையோடு தொடர்புடையவர்கள் பெயரில்தான் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் இன்றைக்கும் இருக்கின்றன.

கோயிலுக்குள் இரண்டரை மணி நேரம்

ஏழு மணிக்குக் கிழக்குச் சித்திரை வீதியில் சந்தியுங்கள். கிழக்குக் கோபுரத்துக்குத் தெற்கே, மேலே கோபுரம் இல்லாமல் தெரியும் வாசல்தான் அஷ்டசக்தி மண்டபம். அம்மனை முதலில் பார்க்கும் மதுரை வழக்கப்படி அதன் வழியே நுழைவதுதான் முறை. அதை அடுத்து மீனாட்சி நாயக்கர் மண்டபம்; 1008 விளக்குகள் கொண்ட பித்தளைத் திருவாட்சி, அதாவது விளக்கு வளைவு, அங்கே இருக்கிறது.

அங்கிருந்து பொற்றாமரைக் குளம். முதல் பதினைந்து நிமிடத்தை இங்கேயே செலவிடுங்கள். வடகரையில் நின்று தெற்கே பாருங்கள்: தெற்குக் கோபுரம் முழு உயரமாக எழுந்து நிற்கும். பதினான்கு கோபுரங்களில் உயரமானது அதுதான், ஏறக்குறைய 170 அடி. காலை வெயில் கிழக்கிலிருந்து சாய்வாக விழுவதால் சுதைச் சிற்பங்களில் நிழல் நன்றாகப் பிடிக்கும். உச்சி வெயிலில் அதே கோபுரம் தட்டையாகத் தெரியும். தென்புறச் சுவரில் குறள் முழுவதும் சலவைக்கல்லில் பதித்திருக்கிறார்கள். கைடு முழு வரலாற்றையும் சொல்வதற்கு ஏற்ற இடமும் இதுதான். உட்கார இடம் உண்டு, இரைச்சல் குறைவு. நல்ல கைடுகள் பேசவேண்டியதில் பாதியைக் குளக்கரையிலேயே முடித்துவிடுவார்கள். மண்டபத்துக்குள் கையை மட்டும் காட்டுவார்கள்.

குளத்துக்கு மேற்கே ஊஞ்சல் மண்டபமும் கிளிக்கூட்டு மண்டபமும். தூண்களில் யாளியும் பாண்டவர்களும். அம்மன் சன்னதி வாசலைக் கடந்து வடக்கே திரும்பினால் முக்குறுணி விநாயகர். பெயருக்கான காரணம் எளிது: ஒரு குறுணி ஆறு படி, முக்குறுணி பதினெட்டு படி. விநாயகர் சதுர்த்தியன்று பதினெட்டுப் படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை செய்து படைப்பார்கள். வண்டியூர் தெப்பக்குளம் தோண்டும்போது இந்தச் சிலை கிடைத்ததாகச் சொல்வார்கள்.

அடுத்து கம்பத்தடி மண்டபம். நேரம் குறைவாக இருந்தால் மற்ற எதையாவது வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள். கொடிமரத்தைச் சுற்றியுள்ள தூண்களில் மீனாட்சி திருக்கல்யாணச் சிற்பத்தைத் தேடுங்கள். மூன்று உருவங்கள்: திருமால் தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கிறார், சொக்கநாதர் கை நீட்டி ஏற்கிறார், நடுவில் மீனாட்சி. முதலில் கைகளைப் பாருங்கள். மூன்று பேர் கையும் எப்படி ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன என்று. பிறகு மீனாட்சியின் தலையை. போருக்குப் போன தடாதகைப் பிராட்டி இவள். அந்தத் தலை இப்போது இலேசாகக் குனிந்திருக்கிறது. கல்யாணப் பத்திரிகைகளில் அச்சிட்டு அச்சிட்டுப் பழகிப்போன படம் என்பதால் பலர் நிற்காமல் கடந்துவிடுகிறார்கள். மூலத்தின் முன் ஐந்து நிமிடம் நின்றால் அச்சில் காணாமல் போனது என்ன என்று தெரியும்.

வெள்ளியம்பலம் சுவாமி சன்னதிக்குள் நுழையும் இடத்தில் இருக்கிறது. தரிசனத்துக்குப் போகிறவர்கள் அங்கே நடராசரின் காலைக் கவனியுங்கள். எல்லா ஊரிலும் இடது கால் தூக்கி ஆடுகிறவர் இங்கே வலது காலைத் தூக்கியிருப்பார். ஒரே காலில் நின்று ஆடினால் வலிக்குமே என்று ராஜசேகர பாண்டியன் வேண்டிக்கொண்டதால் கால் மாறி ஆடினார் என்பது திருவிளையாடல்.

கடைசியாக ஆயிரங்கால் மண்டபம். நாயக்க மன்னர்களின் தளவாய் அரியநாத முதலியார் கட்டியது. முன்னால் குதிரை மேல் அமர்ந்திருக்கும் சிலை அவருடையது என்பார்கள். உண்மையில் இருப்பவை 985 தூண்கள். மீதி எங்கே என்று கைடிடம் கேட்டுப் பாருங்கள், ஆளின் தரம் தெரிந்துவிடும். நடுவில் சன்னதிக்கு இடம் விட வேண்டியிருந்தது என்று சொல்பவர் விஷயம் தெரிந்தவர். உள்ளே கோயில் கலைக்கூடம் இருப்பதால் தனிச் சீட்டு வாங்க வேண்டும். எந்தக் கோணத்தில் நின்றாலும் தூண்கள் நேர்வரிசையாகத் தெரியும். குறத்தி, ரதி சிற்பங்கள் முன்பக்கத்தில் இருக்கின்றன. நேரம் இருந்தால் வடக்கு ஆடி வீதிக்குப் போய் இசைத்தூண்களைப் பார்க்கலாம்: ஒரே கல்லில் 22 மெல்லிய தூண்களாகச் செதுக்கிய தொகுதிகள். தட்டிப் பார்க்க ஆசை வரும். தட்டித் தட்டித்தான் பல கோயில்களில் இவை விரிசல் விட்டன. கைடே நாணயத்தை எடுத்துத் தட்டினாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஒன்பதரைக்கு வெளியே வந்துவிட வேண்டும். வந்த வாசலிலேயே.

டிபன்

கைடு தொடங்கும் முன் காபியோடு நிறுத்திக்கொண்டு, கோயில் முடிந்தபின் சாப்பிடுவது சௌகரியம். மேலக்கோபுர வீதி, மேல மாசி வீதிப் பக்கம் இட்லி, பொங்கல், வடை கிடைக்காத கடை இல்லை. அரை மணி நேரம் போதும். கைடும் சாப்பிட்டிருக்க மாட்டார். அவரையும் உட்காரச் சொல்லுங்கள். இங்கே பேசும் பேச்சில் சில சமயம் கோயிலுக்குள் சொன்னதைவிடச் சுவையான விஷயங்கள் வரும்.

மேல மாசி வீதியில் சாப்பிடுகிறவர்கள் அங்கே ஒரு கட்டடத்தையும் பார்த்துவிடலாம். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி வேட்டி சட்டையை விட்டு அரையாடைக்கு மாறியது அந்த வீட்டின் மாடியில் தங்கியிருந்தபோதுதான். கீழே கதர்க் கடை இருக்கிறது.

மகாலுக்கு நடந்து போவது

கோயிலிலிருந்து திருமலை நாயக்கர் மகால் தென்கிழக்கே ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான். ஆட்டோவில் பத்து நிமிடம். நடந்தால் இருபது, இருபத்தைந்து நிமிடம். நடக்க முடிந்தவர்கள் நடந்தே போங்கள்.

கிழக்குக் கோபுரத்துக்கு நேர் எதிரே புது மண்டபம். 'புது' என்ற பெயரோடு முந்நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளாக நிற்கிறது. திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது, 124 தூண்கள். நாயக்க மன்னர்கள் தேவியரோடு ஆளுயரத்துக்கு நிற்பதையும், மூன்று தனங்களோடு தடாதகையையும், கல்யானை கரும்பு தின்னும் திருவிளையாடலையும் இங்கே பார்க்கலாம். பல பத்தாண்டுகளாகத் தையல்காரர்களும் புத்தகக் கடைகளும் பாத்திரக் கடைகளும் நிறைந்திருந்த மண்டபம் இது. அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். பணி காரணமாக உள்ளே விடாத நாளாக இருந்தால் வெளித் தூண்களைப் பார்த்துவிட்டு நகருங்கள். அதற்குக் கிழக்கே முடியாமல் நின்றுபோன ராய கோபுரத்தின் அடிப்பகுதி. அதன் நிலைக்கால்களின் உயரத்தைப் பார்த்து, முடிந்திருந்தால் கோபுரம் எவ்வளவு உயர்ந்திருக்கும் என்று கணக்குப் போடலாம்.

கீழ மாசி வீதியில் தெற்கே நடந்தால், தெற்கு மாசி வீதியோடு சேரும் முக்கில் விளக்குத்தூண். கோட்டையை இடித்த அதே பிளாக்பர்ன் நினைவாக நட்டது. இந்தப் பக்கத்தில் 'வடம்போக்கித் தெரு' என்று பலகை தெரிந்தால் நின்று படியுங்கள். தேர் முக்கில் திரும்பும்போது நீண்ட வடத்தை நேராகப் பிடித்து இழுக்க இடம் வேண்டும். அதற்காக வீதியின் நீட்சியில் விட்ட சந்துகள்தான் இவை. பத்துத்தூண் சந்தும் அருகில்தான். துணிக்கடைகளுக்கு நடுவே பத்துப் பெரிய கல்தூண்கள் கூரை இல்லாமல் நிற்கின்றன. நாயக்கர் அரண்மனை எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதற்கு மிஞ்சிய சாட்சி. மகாலுக்கு ஆட்டோவில் போகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

மகாலில் முக்கால் மணி நேரம்

மகால் காலை 9 மணிக்குத் திறக்கும், மாலை 5 வரை. நுழைவுச் சீட்டு உண்டு. கேமராவுக்குத் தனிக் கட்டணம். இங்கே போனுக்குத் தடையில்லை.

1636-ல் கட்டியது. இன்று நாம் பார்ப்பது மொத்தத்தில் கால் பங்கு போல. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குத் தலைநகரை மாற்றியபோது இங்கிருந்து பெயர்த்துப் போனது நிறைய. மிஞ்சியதை 1860-களின் இறுதியில் சென்னை ஆளுநர் நேப்பியர் பழுது பார்த்தார். பிறகு 1970 வரை மாவட்ட நீதிமன்றம் இதற்குள்தான் நடந்தது.

முற்றத்தில் நின்றவுடன் கண்ணில் படுவது தூண்களின் பருமன். இருவர் கைகோத்தாலும் வளைக்க முடியாது. கோயிலிலிருந்து நேரே வருகிறவர்கள் இவற்றையும் கல் என்றே நினைப்பார்கள். சுவரும் வளைவும் எல்லாம் செங்கல், சுண்ணாம்பு. மேல்பூச்சு முட்டை வெண்கரு சேர்த்து அரைத்த சுதை. அதனால்தான் அந்த வழவழப்பு. அதனால்தான் கீறலும் எளிது. தூண்களில் கை எட்டும் உயரம் வரை பெயர்களும் அம்பு பாய்ந்த இதயங்களுமாகக் கீறி வைத்திருப்பதைப் பார்த்தால் வயிறு எரியும். பள்ளிப் பிள்ளைகளோடு போகிறவர்கள் வாசலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அரசவை மண்டபமான சொர்க்கவிலாசத்தின் குவிமாடத்துக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பது மகாலின் உச்சம். புறா எச்சம் விழும். தொப்பி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். 'இத்தாலிக்காரர் கட்டியது' என்ற பேச்சும், இங்கிருந்து கோயிலுக்குச் சுரங்கப்பாதை இருக்கிறது என்ற பேச்சும் கட்டாயம் வரும். ரசித்துக் கேட்கலாம். சுரங்கப்பாதை இல்லாத அரண்மனை எந்த ஊரிலும் கிடையாது!

பதினொன்றே முக்காலுக்கு வெளியே வந்துவிடலாம். திரும்பும் வழியில் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். பிசினும் சர்பத்தும் டம்ளரின் அடியில் தங்கும்; கலக்காமல் குடித்தால் முதல் பாதி வெறும் பாலாகத் தெரியும், கடைசியில் ஒரே தித்திப்பு. சுங்குடிச் சேலை வாங்க நினைப்பவர்கள் இப்போது வாங்கலாம், கைடை அனுப்பிவிட்டு. கை முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சுங்குடியில் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது. அச்சடித்ததில் ஒரே அளவாக இருக்கும். விலையில் பல மடங்கு வித்தியாசம் வருவது அதனால்தான்.

மதியத்தில் தொடங்குகிறவர்களுக்கு

காலை ரயிலில் வந்து அறையில் தூங்கி எழுந்தவர்களுக்கு மாலைத் திட்டமே வசதி. வரிசையைத் திருப்பிப் போடுங்கள். வைகைக்கு வடக்கே தமுக்கம் அருகில் காந்தி நினைவு அருங்காட்சியகம் மதியம் 1 முதல் 2 வரை மூடியிருக்கும். 2 மணிக்குத் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். ராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த கட்டடம். 1959-ல் நேரு திறந்து வைத்தார். சுட்டுக் கொல்லப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த, இரத்தக்கறை படிந்த துணி இங்கே இருக்கிறது. ஒரு மணி நேரம் வேண்டும். அங்கிருந்து ஆட்டோவில் மூன்றரைக்கு மகால். நான்கரைக்குக் கிழக்குச் சித்திரை வீதி.

மாலையில் கோயிலுக்குள் கூட்டம் காலையைவிட அதிகம், மண்டபங்களில் வெளிச்சம் குறைவு. அதனால் ஆயிரங்கால் மண்டபத்தை முதலில் முடித்துக்கொண்டு, இருட்டும் நேரத்துக்குக் குளக்கரைக்கு வாருங்கள். கைடின் அரை நாள் அங்கேயே முடிந்துவிடும். ஊரில் தங்குகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு இரவு ஒன்பது மணிவாக்கில் மறுபடி வரலாம். சுவாமியின் திருவடிகளைப் பல்லக்கில் வைத்து அம்மன் சன்னதிப் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். அன்றைய நேரத்தை மாலையிலேயே கோயில் ஊழியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வரும்போதும் போனை அறையில் விட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.